ஐடா அம்மாவும் அன்றன்றைய அப்பமும்



சில வாரங்களுக்கு முன்பு நம்ம புதன்கிழமை உபவாச ஜெபத்திலே, சாட்சி நேரத்தில், ஒவ்வொருவராக எழுந்து கர்த்தருக்கு நன்றி சொல்லுங்கள் என்று வழக்கம்போல் சொன்னேன். ஒரு சகோதரி எழுந்தார்கள். ஷூ கம்பெனியிலே அப்பர் தைக்கிற வேலை. ஆர்டர் குறைஞ்சுபோச்சு என்று வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள்தான் கூப்பிடுகிறார்களாம். வீட்டிலே படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். அந்தச் சகோதரி அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. எதுக்கு நன்றி சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க பாஸ்டர், நான் அப்படியே சொல்லிடறேன் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்குப் பதில் வரவில்லை. ஒரு பாட்டை எடுத்துப் பாடவைத்து, ஜெபித்து, கூட்டத்தை முடித்துவிட்டேன். வேதாகமக் கல்லூரியிலே டிப்ளமா வாங்கினவன்தான் நான். ஆனால் அன்றைக்கு ராத்திரி மாடிப்படி இறங்கி, கடைகள் எல்லாம் ஷட்டர் போட்ட லாங் பஜார் வழியாக நடந்து வீட்டுக்குப் போகும்போது, படித்த பாடம் ஒன்றும் கைகொடுக்கவில்லை.

மறுவாரம் என் தாயாரைக் கண் பரிசோதனைக்கு ஆரணி ரோட்டிலுள்ள ஷெல் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டோக்கன் வாங்கிவிட்டு பெஞ்சிலே உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த இடத்தைத் தொடங்கின டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவின் வாழ்க்கை என் நினைவுக்கு வந்தது. சி.எம்.சி. வாசலிலுள்ள ரோட்டுக்கே அவர்கள் பேர்தான். தினமும் ஆட்டோவிலே அந்த ரோட்டில் போகிறோம். ஆனால் இந்த அம்மா எப்படிப்பட்ட பஞ்சத்தைப் பார்த்தவர்கள் என்று நம்மில் அநேகருக்குத் தெரியாது. ஆகவே இந்த மாதம் பிரசங்கக் குறிப்புக்குப் பதிலாக அவர்களுடைய சரித்திரத்தை எழுதுகிறேன்.

ஐடா அம்மா 1870-ஆம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி நம்ம பக்கத்து ராணிப்பேட்டையில் பிறந்தார்கள். தாத்தா பெரிய ஜான் ஸ்கடர், 1819-லேயே அமெரிக்காவை விட்டுக் கப்பலேறி, இலங்கைக்கு மருத்துவ மிஷனெரியாக வந்தவர். அவருடைய பிள்ளைகள் பலர் இந்தியாவில் ஊழியம் செய்தார்கள். ஐடாவின் தகப்பனார் இளைய ஜான் ஸ்கடரும் ஆற்காட்டு மிஷனில் டாக்டர். ஐந்து அண்ணன்மார்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண்பிள்ளை ஐடா.

அந்தப் பிள்ளைக்கு ஆறு, ஏழு வயது இருக்கும்போது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876-இலிருந்து 1878 வரைக்கும் சென்னை ராஜதானி முழுவதையும் வாட்டிய பஞ்சம். நம்ம பாட்டிமார்கள் தங்கள் பாட்டிமார்களிடம் கேட்டுச் சொன்ன பஞ்சம் இதுதான். மழை பொய்த்தது, ஏரி காய்ந்தது, மாடு செத்தது, பிறகு மனுஷர் லட்சக்கணக்கில் செத்தார்கள். அரசாங்கம் நிவாரண வேலை கொடுத்தது. 1877-லே ரிச்சர்ட் டெம்பிள் என்கிற அதிகாரி வைத்த கூலிக் கணக்கின்படி, நாள் முழுவதும் மண் வெட்டிச் சுமக்கிற ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். வெயிலில் மண் சுமக்கிறவனுக்கு அது எந்த மூலைக்குக் காணும்? யோசித்துப் பாருங்கள். தானியமே இல்லாமல் போனதினால் மாத்திரம் அல்ல, விலை ஏறி வாங்கக் காசு இல்லாமல் போனதினாலும் ஜனங்கள் மடிந்தார்கள். மூட்டை மூட்டையாகத் தானியம் ரயிலேறிக்கொண்டுதான் இருந்தது.

வேலூரிலே மிஷன் பங்களா வாசலுக்குப் பட்டினிப் பிள்ளைகள் வந்து கூடினார்கள். ஐடாவின் கையிலே ரொட்டியைக் கொடுத்துப் பிள்ளைகளுக்குப் பகிரச் சொன்னார்கள். கையை நீட்டி வாங்கக்கூட பெலன் இல்லாத பிள்ளைகள் இருந்தார்கள். அந்தச் சின்னப் பெண் ரொட்டியைப் பிட்டு, துண்டு துண்டாக அவர்கள் வாயிலே வைத்தாள். ஒரு நாள் அல்ல, பல நாள். நேற்று ஊட்டின பிள்ளை இன்றைக்கு இல்லாமல் போனதையும் அந்த வயதிலேயே பார்த்தாள்.

பிரியமானவர்களே, இப்படிப்பட்ட பிள்ளை பெரியவளாகி ஊழியக்காரியாக வேண்டும் என்று வாஞ்சித்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். சாட்சிப் புத்தகங்களிலே அப்படித்தான் வரும். உண்மை அது அல்ல. 1878-லே குடும்பம் அமெரிக்கா திரும்பியது. பின்பு தகப்பனார் மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார், தாயாரும் பின்னால் வந்தார்கள். ஐடாவைச் சிக்காகோவிலே சித்தப்பா, பெரியப்பா வீட்டாரிடம் விட்டுவிட்டு வந்தார்கள். தாயார் புறப்பட்ட ராத்திரி அந்தப் பிள்ளை தாயின் தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதது. இந்தியாவும் வேண்டாம், மிஷனெரி வேலையும் வேண்டாம் என்று அப்போதே மனதை மூடிக்கொண்டது. டி.எல். மூடி ஊழியக்காரர் நார்த்ஃபீல்டில் நடத்தின பெண்கள் பள்ளியில் படித்தும் அந்த மனது மாறவில்லை. நல்ல வீட்டிலே வாழ்க்கைப்பட்டு, பஞ்சமும் நோயும் இல்லாத ஊரிலே இருக்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை. நம்ம பிள்ளைகள் பெங்களூருக்கும் துபாய்க்கும் போகணும்னு சொல்லும்போது நாம் முகம் சுளிக்கிறோமே, அவர்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

1890-ல் தாயாருக்குச் சுகவீனம் என்று செய்தி வர, கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று திண்டிவனம் வந்தார்கள். அங்கே நடந்த காரியம் உங்களில் அநேகருக்குத் தெரியும். ஒரே ராத்திரியில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, வந்து கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமணர், ஒரு இஸ்லாமியர், இன்னொருவரும் மேல்சாதி இந்து. மூன்று பேர் வீட்டிலும் இளம் மனைவி பிரசவ வேதனையில். டாக்டராகிய தகப்பனாரை அனுப்புகிறேன் என்று ஐடா சொன்னார்கள். ஆண் டாக்டர் வரக்கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார்கள். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். காலையில் விசாரித்தால் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அன்றைக்கு ஐடா அறையைச் சாத்திக்கொண்டு ஜெபித்தார்கள். வெளியே வந்து, நான் டாக்டருக்குப் படிக்கப்போகிறேன் என்று தாய் தகப்பனிடம் சொன்னார்கள்.

1895-இல் பிலதெல்பியாவில் மருத்துவப் படிப்பு தொடங்கி, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார்கள். இனிமேல்தான் நம்ம காரியத்துக்கு வருகிறேன். வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்ட 8,000 டாலர் திரட்டிக்கொண்டு போகவேண்டும் என்று மிஷன் சங்கத்தார் சொன்னார்கள். கப்பல் புறப்படக் கொஞ்ச நாள்தான் இருந்தது. வீடு வீடாகப் போனார்கள். சிறு சிறு தொகைகள்தான் வந்தன. ஒரு நாள் டேபர் என்கிற ஒரு அம்மையார் வீட்டிலே வேலூர்ப் பெண்களின் நிலைமையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதே வீட்டில் இருந்த வயதானவர் ஒருவர் காதில் அது விழுந்தது. அவர் ஷெல் என்கிற வங்கிக்காரர். தன் மரித்துப்போன மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். கேட்டதோ எட்டு, கிடைத்ததோ பத்து! ஸ்தோத்திரம்! இந்த இடத்தில் நம்ம கன்வென்ஷன் பிரசங்கியார்கள் கைதட்டச் சொல்லிக் கதையை முடித்துவிடுவார்கள். நானும் அப்படி முடித்திருக்கிறேன்.

ஆனால் சரித்திரம் முடியவில்லை. 1900-ஆம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி வேலூர் வந்து சேர்ந்தார்கள். தகப்பனாரிடம் கூடவே இருந்து தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம். அதே வருஷத்தில் தகப்பனார் புற்றுநோயால் மரித்துப்போனார். பட்டம் இருக்கிறது, அநுபவம் இல்லை. பணம் இருக்கிறது, கட்டடம் எழும்பவில்லை. மிஷன் பங்களாவிலே பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு அறை, அதுதான் ஆஸ்பத்திரி. ஜன்னல்தான் மருந்து கொடுக்கிற இடம். ஒரே ஒரு கட்டில். அந்த ஒரு கட்டிலுக்கும் ஆரம்பத்தில் ஆள் வரவில்லை. முப்பது வயதுகூட ஆகாத வெள்ளைக்காரப் பெண்ணை நம்பி யார் வருவார்கள்?

உதவிக்கு நர்ஸ் என்று யாரும் இல்லை. சமையல்காரர் மனைவி சலோமி என்கிற அம்மாதான் கை கழுவி, கட்டுப்போடக் கற்றுக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள். 10,000 டாலர் கொடுத்த தேவன் அன்றைக்கு அனுப்பினது ஒரு சமையலறைப் பெண்ணை. எனக்கு இந்தச் சலோமி அம்மாவைத்தான் ரொம்பப் பிடிக்கும். ஷெல்லின் பேர் கட்டடத்தின்மேல் இருக்கிறது. சலோமியின் பேர் எந்தச் சுவரிலும் இருப்பதாக நான் பார்க்கவில்லை. மெல்ல மெல்ல ஜனங்கள் வரத் தொடங்கி, இரண்டு வருஷத்திற்குள் 5,000 நோயாளிகள் அந்தச் சின்ன அறையில் வைத்தியம் பெற்றார்கள். 1902-இல் 40 கட்டில்களோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. நான் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேனே, அந்த இடம்.

யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். மன்னாவை மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தவர்களுக்குப் பூச்சி பிடித்து நாறிற்று. ஓய்வுநாளுக்கு மாத்திரம் இரண்டத்தனை. மற்ற நாட்களில் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு பாளயத்துக்கு வெளியே போய்க் குனிந்து பொறுக்கத்தான் வேண்டும். மன்னா கூடாரத்துக்குள் வந்து விழவில்லை. இதை நான் எத்தனையோ தரம் பிரசங்கித்தும், குனிந்து பொறுக்குகிறதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

ஐடா அம்மா காத்துக்கொண்டு உட்காரவில்லை. நோயாளி டவுனுக்கு வர முடியாவிட்டால் நாம் போவோம் என்று 1906 முதல் ரோட்டோரத்தில் மருத்துவம் செய்யத் தொடங்கினார்கள். முதலில் மாட்டு வண்டி. 1909-இல் ஒரு பேஜோ மோட்டார் கார் வந்தது. அதைப் பார்த்து ஜனங்கள் பேய் வண்டி என்று ஓடினார்களாம். குடியாத்தம் ரோட்டிலே மரத்தடியிலே வண்டி நிற்கும். புண்ணும் கண்வலியும் குஷ்டமுமாக ஜனங்கள் அங்கே காத்திருப்பார்கள். அதே 1909-இல் நர்ஸ் பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது.

பெண்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று கேட்டபோது, சென்னையிலிருந்த அரசாங்கத்து மருத்துவ அதிகாரி, மூன்று பெண்கள் மனுப் போட்டாலே பெரிய காரியம், ஆறு பேர் வந்தால் தொடங்கிக்கொள்ளுங்கள் என்கிற விதமாகச் சொன்னார். சொந்தக் கட்டடம்கூட இல்லாமல், வாடகை இடத்தில், 1918-ஆம் வருஷம் ஆகஸ்ட் 12-ந் தேதி பள்ளி திறக்கப்பட்டது. ஆறு பேர் அல்ல, இடம் கொடுக்க முடியாத அளவுக்குப் பெண்கள் மனுப் போட்டார்கள். முதல் வருஷப் பரீட்சையில் ஆண்கள் பள்ளிகளிலே ஐந்தில் ஒருவர் தேறுவதே கஷ்டமாக இருந்த காலம். வேலூரிலிருந்து எழுதின 14 பெண்களும் தேறினார்கள்.

பிறகு 1920-களில் தோட்டப்பாளையத்தில் பெரிய ஆஸ்பத்திரி, 1932-இல் பாகாயத்தில் கல்லூரி வளாகம். இதற்கெல்லாம் பணம் எப்படி வந்தது? ஆசியாவிலே பெண்களுக்கான ஏழு கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கு, சபைப் பெண்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் நாங்கள் 10 லட்சம் தருகிறோம் என்று அமெரிக்காவில் ராக்பெல்லர் குடும்பத்து நிதி அறிவித்தது. வேலூரும் அந்த ஏழில் ஒன்று. லூசி பீபாடி என்கிற அம்மையார் தலைமையில் சபைப் பெண்கள் காசு காசாகச் சேர்த்து 1923-க்குள் அதை முடித்தார்கள். பெரிய பணம் முதலில் வரவில்லை, சில்லறைதான் முதலில் வந்தது. சில்லறை நிரம்பின பிறகுதான் பெரிய பணத்தின் பூட்டுத் திறந்தது.

சபையிலே ஒரு மூப்பர் என்னைக் கேட்டார், ஐடா அம்மா அபிஷேகம் பெற்றவர்களா, அந்நியபாஷை பேசினவர்களா, டாக்டரைப் பற்றி நம்ம பத்திரிகையில் எழுதலாமா என்று. அவர்கள் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர்கள். மருந்து எடுக்காமல் ஜெபத்தையே நம்பியிருக்கிற பெரியவர்கள் நம்மிடையே உண்டு, அவர்கள் விசுவாசத்தை நான் குறைவாக எண்ணவில்லை. அந்த வாதத்துக்கு இது இடமும் இல்லை. ஆனால் ஜெபித்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போகிற விசுவாசத்தை இந்த அம்மாவிடம் கற்றுக்கொள்ளலாம் என்றேன். மூப்பர் பதில் சொல்லவில்லை. கட்டுரை வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இனி கடைசிப் பாடு. 1930-களில் உலகமெங்கும் பொருளாதார மந்தம். அமெரிக்க மிஷன் சங்கங்களின் வரவு சுருங்கிப்போனது. அந்தச் சமயத்தில், 1938-இல், இனி டிப்ளமா படிப்பு செல்லாது, பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த எம்.பி.பி.எஸ். பட்டம்தான் என்று சென்னை மாகாண அரசாங்கம் தீர்மானித்தது. கட்டில்களைக் கூட்டவேண்டும், பெரிய படிப்புப் படித்த பேராசிரியர்கள் வேண்டும், ஆய்வுக்கூடங்கள் வேண்டும். இல்லாவிட்டால் கல்லூரியை மூடவேண்டும். ஐடா அம்மாவுக்கு அப்போது வயது 67. இருபது வருஷம் கட்டினது கண்ணெதிரே போகப்போகிறது. ஆண்களையும் சேர்க்கும் கல்லூரியாக்கினால் மற்ற மிஷன்களும் கைகொடுக்கும் என்று ஒரு யோசனை வந்தது. பெண்களுக்காகக் கொடுத்த பணம் என்று சொல்லி லூசி பீபாடி போன்ற பழைய சிநேகிதிகளே எதிர்த்தார்கள். உதவின கைகளே எதிராகத் திரும்பும்போது வருகிற வேதனை, பணம் இல்லாத வேதனையைவிடப் பெரிது. கடன் கேட்டு அண்ணன் வீட்டுப் படியிலிருந்து வெறுங்கையாய் இறங்கினவர்களுக்கு இது விளங்கும்.

1941-லே, எழுபது வயதில், ஐடா அம்மா அமெரிக்காவுக்குப் போனார்கள். யுத்த காலம். சபை சபையாக, ஊர் ஊராக, நான்கு வருஷம் பேசிப் பேசிப் பணம் திரட்டினார்கள். அதற்குள் 1942-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கிவிட்டது. 1947-இல் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். பல மிஷன்கள் சேர்ந்து தாங்குகிற கல்லூரியாக அது நிலைத்தது. 1946-இல் ஓய்வுபெற்ற ஐடா அம்மா கொடைக்கானலில் தங்கி, 1960-ஆம் வருஷம் மே மாதம், 89-ஆம் வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

இந்தச் சரித்திரத்தை நான் மறுபடி மறுபடி யோசித்தபோது என் மனதில் குத்தினது ஒன்று உண்டு. பஞ்சத்துக்காக ஸ்தோத்திரம் பண்ணுங்கள் என்று அந்த ஆறு வயதுப் பெண் யாரிடமும் சொல்லவில்லை. அவள் கையில் ரொட்டி இருந்தது, பிட்டு வாயில் வைத்தாள். நானோ அந்தப் புதன்கிழமை, வயிறார மதியம் சாப்பிட்டுவிட்டு மாலையில் வந்து, பட்டினிக்காரியை எழுப்பி நிற்கவைத்து, நன்றி சொல் என்றேன். கர்த்தராகிய இயேசு ஐந்து அப்பத்துக்கு ஸ்தோத்திரம் பண்ணினது உண்மைதான். ஆனால் கூட்டத்தைப் பந்தியிருக்கச் சொல்லி, அப்பத்தைக் கையில் எடுத்த பிறகு ஸ்தோத்திரம் பண்ணினார், உடனே பிட்டுக் கொடுத்தார். ஜனங்களைப் பார்த்து, முதலில் நீங்கள் நன்றி சொல்லுங்கள், பிறகு பார்ப்போம் என்று சொல்லவில்லை.

தோல் தொழிலை நம்பியிருக்கிற நம்ம பக்கத்துக்குக் கஷ்டகாலம் புதிது அல்ல. 1996 ஆகஸ்டில் பாலாற்று மாசு வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியுமா என்று பயந்தோம். ஆற்றைக் கெடுத்ததும் உண்மை, வேலைக்குப் பயந்ததும் உண்மை. 2020-இல் கொரோனா ஊரடங்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின்மேல் 50 சதவீதம் வரி போட்டபோது ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ ஆர்டர் என்ன ஆகுமோ என்று மறுபடியும் கலக்கம். ஒவ்வொரு தடவையும் நாம் உபவாசம் போட்டோம், நல்லதுதான். ஆனால் ஒருவர் வீட்டுப் பானையை ஒருவர் எட்டிப் பார்த்தோமா?

அந்தச் சகோதரி வீட்டுக்கு நானும் என் மனைவியும் போனோம். ஊழியக்காரனாக நான் செய்தது தப்பு என்று சொன்னேன். ஐடா அம்மா கதையைச் சொன்னபோது பெரிய பிள்ளை கவனமாகக் கேட்டான். ஜெபித்தோம். காபி கொடுத்தார்கள், பால் இல்லாத காபி. அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த வீட்டுக் கஷ்டம் இன்னும் தீரவில்லை, வேலை இன்னும் பழையபடி வரவில்லை. தீர்ந்தது என்று எழுதினால் பொய்யாகும்.

நம்ம தாய்மார்கள் காலத்திலே பிடி அரிசி என்று ஒரு வழக்கம் இருந்தது. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். பெரிய பணம் இல்லாத வீட்டிலும் அந்த ஒரு பிடி இருந்தது. அதை நாம் எப்போது விட்டோம் என்றே தெரியவில்லை. ரேஷன் அரிசியானாலும் பரவாயில்லை என்று மூப்பர்களோடு பேசி, மறுபடியும் தொடங்கியிருக்கிறோம். முதல் ஞாயிறு ஏறக்குறைய 11 கிலோ சேர்ந்தது. அபிஷேகத்தைப் பற்றிக் கேட்ட அந்த மூப்பர்தான் தகர டின்னும் மூடியும் வாங்கிக்கொண்டு வந்தார்.

டின் மாடிப்படிக்குக் கீழே, செருப்பு விடுகிற இடத்துக்கு எதிரே இருக்கிறது. பக்கத்திலே ஒரு படியும் மஞ்சள் பைகளும் வைத்திருக்கிறோம். கொண்டுவருகிறவர்கள் ஞாயிறு ஆராதனைக்கு முன்பு போட்டுவிடுங்கள். எடுத்துக்கொள்ளுகிறவர்கள் எந்த நாளும் வரலாம். கீழ்க் கதவு காலை ஐந்தரை ஜெபத்திலிருந்து ராத்திரி பஜார் அடைக்கிற வரைக்கும் திறந்திருக்கும். நோட்டு வைக்கவில்லை, பேர் எழுத வேண்டியதில்லை.